வண்ணம் அம்மாவுக்கு, வளர்ப்பு அப்பாவுக்கு

கேள்வி: பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், ரேடியல் சாலையை ஒட்டிய கோரைப்புல் ஓரம் ஒரு பறவையைப் பார்த்தேன். செம்பழுப்புக் கழுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை, நீண்ட அலகு. சற்றுத் தள்ளி அதே சாயலில் மங்கலான இன்னொன்று, அதன் பின்னால் குஞ்சுகள். அழகாக இருந்தது ஆண்தானே? குஞ்சுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே!
— வாசகி, மேடவாக்கம்

பதில்: இல்லை அம்மா, அழகி பெண்தான். நீங்கள் பார்த்தது மயில் உள்ளான். பெயரில் மயில் இருக்கிறதே தவிர, அலங்காரம் பெண்ணுக்கு. நாலு முட்டை போட்டுவிட்டு அடுத்த ஜோடி தேடிக் கிளம்பிவிடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பா பொறுப்பு. மங்கல் நிறம் அவருக்கு வசதி. முட்டைமேல் உட்கார்ந்தால் காய்ந்த புல்லோடு புல்லாகிவிடுவார். நீளவால் இலைக்கோழி வீட்டிலும் குஞ்சு வளர்ப்பது அப்பாதான்.

அடுத்த முறை மார்பிலிருந்து தோளுக்கு ஏறும் பட்டையைக் கவனியுங்கள். பள்ளிப் பையின் வார் மாதிரி இருக்கும். இரை தேடும்போது பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டும். விசிறிவால் உள்ளானைக் கிளப்பினால் விருட்டென்று வளைந்து வளைந்து பறக்கும். இதுவோ காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சோம்பலாகப் பறந்து, பக்கத்துப் புல்லிலேயே இறங்கிவிடும்.

பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியது. பூநாரை வந்தால் சாலையோரம் பைக்கை நிறுத்திக் கூட்டம் சேர்கிறது. எல்லோருடைய கண்ணும் திறந்த நீரில்தான். மயில் உள்ளான் இருப்பதோ சேறும் புல்லும் சேரும் விளிம்பில், அதுவும் விடியலிலும் பொழுது சாயும்போதும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். கொசு கடிக்கும், குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தால் மூக்கையும் பொத்த வேண்டிவரும். இருட்டத் தொடங்கினால் ‘கூக்... கூக்...’ என்று தாழ்ந்த குரல் கேட்கலாம். கூப்பிடுவதும் பெண்தான்.

கேள்வி: செல்போனில் மயில் உள்ளானின் குரலைப் போட்டால் வெளியே வருமாமே?
— வாசகர், தாம்பரம்

பதில்: வரலாம். அதனால்தான் போடாதீர்கள் என்கிறேன். போட்டிக்கு இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று பெண் பதறும். புல்லுக்குள் அடைகாக்கும் ஆண் எழுந்துபோனால், காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு படத்துக்காக இது தேவையா? இன்ஸ்டாகிராமில் கூட்டைப் படம் போட்டு இடத்தையும் எழுதுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: பைனாகுலர் எது வாங்கலாம்?
— மாணவர், வேளச்சேரி

பதில்: 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். 12x என்று ஆசைப்படாதீர்கள். கை நடுங்கினால் பறவையும் நடுங்கும், மங்கிய வெளிச்சத்தில் படமும் இருண்டுபோகும். மிச்சமாகும் காசுக்கு முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். காலையில் கிழக்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், சரியா? வெயிலுக்கு எதிரே நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புதான்.