60 வீட்டுக்கு கழிவுநீர் லைன்: செலவு எங்க ஏறுது?

கேள்வி: எங்க குடியிருப்புல 60 வீடு. செப்டிக் டேங்க்கோட பட்ட அவஸ்தை போதும்னு எல்லாரும் சேர்ந்து கழிவுநீர் லைன் போடறதா இருக்கோம், மெயின் லைன் 400 மீட்டர் வரும். 300 எம்எம் பைப் போட்டா அடைப்பே வராதுன்னு ஒரு கான்ட்ராக்டர் சொல்றார், மீட்டருக்கு ஒரே ரேட்டும் குடுத்திருக்கார். ஒத்துக்கலாமா?

பதில்: அவசரப்பட்டு கையெழுத்து போட்டுடாதீங்க. முதல்ல தண்ணி எவ்ளோ வரும்னு கணக்கு போடுங்க. வீட்டுக்கு 4 பேர்னா 240 பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் செலவாச்சுன்னா அதுல 80 சதவீதம் லைனுக்கு வரும், கிட்டத்தட்ட 26,000 லிட்டர். காலைல எல்லாரும் ஒண்ணா குளிக்கிற நேரத்துக்கு சராசரியைப் போல 3 மடங்கு வெச்சாலும் நொடிக்கு 1 லிட்டரைத் தொடாது. 150 எம்எம் பைப்பை 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குற வாட்டத்துல (சரிவுல) போட்டா நிறைஞ்சு ஓடறப்ப நொடிக்கு 15 லிட்டரே கொண்டு போயிடும்.

300 போட்டா என்ன ஆகும்னா, பெரிய பைப்தானே வாட்டம் கம்மியா போதும்னு தட்டையா போட்டுடுவாங்க, அந்த கொஞ்சூண்டு தண்ணி அடியில மெல்லிசா ஊர்ந்து போகும், மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் மலமும் அங்கங்க தங்கி இறுகிடும். நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் நாளைக்கு ஒரு தடவையாவது வந்தாதான் லைன் தானா கழுவிக்கும். உங்க அளவுக்கு 150லயே அது லேசுல வராது, அதனால லைன் ஆரம்பிக்கிற தலைப்பக்கம் வாட்டத்தை இன்னும் கூட்டச் சொல்லுங்க.

உண்மையான செலவு ஆழத்துலதாங்க இருக்கு. தரை சமமா இருந்து 1 மீட்டர் ஆழத்துல ஆரம்பிச்சா, அதே 100க்கு 1 வாட்டத்துல 400 மீட்டர் போய்ச் சேரும்போது 5 மீட்டர் ஆயிடும். 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம்னா ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 கன மீட்டர் மண்ணுதான், அதே 3 மீட்டர் ஆழத்துல பக்கச் சுவர் சரியாம ரெண்டு பக்கமும் 1.5 மீட்டர் சரிச்சு வெட்டினா 7.5 கன மீட்டர். அப்புறம் ஷோரிங் (பள்ளத்தோட சுவர் சரியாம முட்டுக் குடுக்கறது), ஊத்துத் தண்ணி இறைக்கறது, பாறை, ரோடு திரும்ப போடறது. ஒரே ரேட்ல இதெல்லாம் எப்படி அடங்கும்? ஒண்ணு, ஆழம் கம்மியான பக்கத்துல உங்ககிட்ட அதிகமா வாங்குவார், இல்லேன்னா ஆழமான பக்கத்துல வாட்டத்தைக் குறைச்சு ஏமாத்துவார். அதனால முதல்ல சர்வேயரை வெச்சு தரையோட மேடு பள்ளத்தை அளந்து லெவல் எடுங்க, அப்புறம் 1.5 மீட்டர் வரைக்கும், 3 மீட்டர் வரைக்கும், அதுக்கு மேலன்னு தனித்தனி ரேட் கேளுங்க, பாறை வெட்டுக்கு தனியா. கடைசி பக்கம் ரொம்ப ஆழம்னா நடுவுல ஒரு சின்ன பம்ப் வெக்கறதையும் கரண்ட் பில், பராமரிப்பு சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்க.

மேன்ஹோல் 30 மீட்டருக்கு ஒண்ணு, திரும்பற இடம், வாட்டம் மாறற இடம் எல்லாத்துலயும் வேணும், இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. மேல நின்னே ஜெட்டிங் ஹோஸ் (வேகமா தண்ணி பீய்ச்சுற குழாய்) விட்டு சுத்தம் பண்ணணும், உள்ள யாரையும் இறக்கவே கூடாது, சாக்கடையில வர்ற ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயு கூடுதலா இருந்தா கத்தக்கூட நேரம் குடுக்காம ஆளை சாய்ச்சிடும். மொட்டை மாடி மழைத்தண்ணியை இந்த லைன்ல சேர்க்காதீங்க. பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி தண்ணி நிரப்பி கசிவு பாருங்க, லெவலையும் திரும்ப செக் பண்ணுங்க, அது முடியற வரைக்கும் கடைசி தவணையை குடுக்காதீங்க.