சுவரை இடிக்கும் முன் கதவுகளைப் பாருங்கள்
ஹால் சின்னதாக இருக்கிறது, சமையலறைச் சுவரை இடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வரைபடத்தைப் பார்த்தால் இடத்தைத் தின்பது அந்தச் சுவர் இல்லை, கதவுகள்தான். ஹாலின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு கதவு இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் வழியைப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்; நடுப்பகுதி முழுக்க நடைபாதையாகிவிட்டது தெரியும். அப்புறம் சோபாவை எங்கே போடுவது?

படுக்கையறைக் கதவைக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுங்கள். நடக்கும் வழி சுவர் ஓரமாகவே 3 அடி அகலத்தில் அடங்கும், படுக்கையறைக் கதவு இருந்த மூலை முழுசாகக் கிடைக்கும். இரண்டரை அடிக் கதவு திறக்க அதே அளவுக்குத் தரை காலியாக இருக்க வேண்டும். குளியலறைக்கு நகரும் கதவு போட்டால் அதுவும் மிச்சம்.

கழிப்பறையை மட்டும் தயவுசெய்து நகர்த்தாதீர்கள். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். தூரம் கூடினால் தரையை உயர்த்த வேண்டி வரலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சுவரை எடுக்கத்தான் வேண்டுமென்றால், அது பாரம் தாங்கும் சுவரா என்று கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வது போதாது. புதிதாகக் கதவு வைக்க உடைக்கும் இடத்துக்கும் இதேதான்.