வலிக்கிறது என்று சொல்வது அவிசுவாசமா?

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நான்கு கீமோ முடிந்திருக்கிறது. ஜெபிக்க வந்த சகோதரிகள், "வலிக்கிறது என்று உங்கள் வாயால் சொல்லாதீர்கள், சுகமானேன் என்றே அறிக்கை செய்யுங்கள், மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும் என்று வசனம் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பின் அம்மா மருத்துவரிடமும் "நன்றாயிருக்கிறேன்" என்றுதான் சொல்கிறார். இரவில் அவர் முனகுவது பக்கத்து அறையில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கிறது. வார்த்தைக்கு வல்லமை உண்டென்று நானும் நம்புகிறேன். ஆனால் இது சரிதானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது எங்கே வலிக்கிறது, எந்த நேரத்தில் கூடுகிறது என்பதை அம்மா ஒளிக்காமல் சொல்லட்டும். மருந்தின் அளவைத் தீர்மானிக்கத்தான் மருத்துவர் கேட்கிறார்.

நீதிமொழிகள் 18:21ஐ அந்தச் சகோதரிகள் தனியே பிய்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அதிகாரத்தை முழுதும் வாசித்துப் பாருங்கள். வழக்கில் முந்திப் பேசுகிறவன், காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவன், அரணான பட்டணத்தைவிட வசப்படுத்த அரிதான கோபங்கொண்ட சகோதரன் என்று, அங்கே பேச்சைப் பற்றி வருவதெல்லாம் மனிதருக்கு மனிதர் பேசி ஆக்குவதும் அழிப்பதும்தான். கோள்காரனுடைய வார்த்தைகள் விளையாட்டுப்போலிருந்தாலும் உள்ளத்திற்குள் தைக்கும் என்கிறது எட்டாம் வசனம். நோயின் பெயரைச் சொன்னால் அது வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம் அங்கே இல்லை. (இரவில் பாம்பு என்று சொல்லக் கூடாதென்று 'பூச்சி' என்பாரே என் பாட்டி, அந்த அச்சத்துக்கு இது நெருங்கிய உறவு.) இப்போது நம் சபைகளில் கேட்கும் 'அறிக்கை' உபதேசம் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இ. டபிள்யூ. கென்யன், கென்னத் ஹேகின் போன்ற போதகர்களால் பரவியது.

உள்ளத்திற்குள் தைக்கும் வார்த்தைக்கு நானே சாட்சி. தம்பி எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு மாலை நோட்டைத் தூக்கி எறிந்து, "உனக்கெல்லாம் கணக்கு வராதுடா" என்று சொன்னேன். அவனுக்கு இப்போது ஐம்பது வயது. இன்றும் உணவகத்தில் பில் வந்தால் அதைப் பாராமலே என் பக்கம் தள்ளி, "கணக்கெல்லாம் நீ பார்த்துக்கோண்ணே" என்று சிரிக்கிறான். என்னால் சிரிக்க முடிவதில்லை. நாவின் அதிகாரம் என்றதும் எனக்கு நினைவு வருவது அந்த பில்தான்.

அம்மாவின் முனகல் இந்தக் கணக்கில் சேராது. 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை விடியாத ஒரு புலம்பல். அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் ஆண்டவரே, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார். 'விசுவாசித்தேன், ஆகையால் பேசுகிறேன்' என்பதை அறிக்கை போதகர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். அது 116ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனம். அங்கே அதே மூச்சில் அடுத்து வருவது, 'நான் மிகவும் வருத்தப்பட்டேன்' என்பது. விசுவாசித்தவன் வாய் திறந்து சொன்னதே அதுதான்.

இன்றிரவு முனகல் கேட்டால் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். வசனம் எதுவும் சொல்ல வேண்டாம், "எங்கேம்மா வலிக்குது?" என்று கேளுங்கள்.