களிமண் சேர்ந்தால் கலப்படமா?

கேள்வி: மாடித்தோட்டத் தொட்டிகளுக்குத் தண்ணீர் உறிஞ்சும் ஜெல் பொடி வாங்கினேன். கவரில் ‘பென்டோனைட் சேர்ந்தது’ என்று போட்டிருக்கிறது. களிமண்ணைக் கலந்து விற்கிறார்களா? அப்படியானால் எங்கள் ஏரிக் களிமண்ணையே கலந்துகொள்ளலாமே?
- ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: கலப்படம் இல்லை அம்மா. இந்த ஜெல், பாலிமர் என்கிற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிய பொருள். களிமண் அந்தப் பாலிமரை விட மலிவுதான். ஆனால் ஜெல்லைத் தயாரிக்கும்போதே அளவாகச் சேர்த்தால், ஊறிய பிறகு கொழகொழவென்று நசுங்காமல் கெட்டியாக நிற்கும். அளவு மீறினால் அந்த வலையில் முடிச்சுகள் கூடிவிடும், விரிய இடமிருக்காது. ஏரிக் களிமண்ணை வீட்டில் கலந்தால் தொட்டி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், வலைக்குள் போகாது. அதில் சுண்ணாம்பு இருந்தால் கால்சியம் ஜெல்லைச் சுருக்கியும் விடும்.

கல்லூரி ஆய்வகத்தில் பல வருஷம் இதே வேலை பார்த்தவன் நான். களிமண்ணை எப்படிப் பக்குவம் செய்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதலில் நீரில் கரைத்துத் தெளியவிட்டு மணலை நீக்க வேண்டும். அப்புறம் பென்டோனைட்டிலேயே இரண்டு சாதி உண்டு. 100 மில்லி நீரில் 2 கிராம் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி மறுநாள் பாருங்கள்: நல்ல சோடியம் வகை 24 மில்லிக்கு மேல் பொங்கி, மேகம் போல நிற்கும். கால்சியம் வகை அடியில் படிந்து கிடக்கும். அதைச் சலவைச் சோடாவோடு பிசைந்து ஊறவைத்தால் கால்சியம் விலகி, சோடியம் உள்ளே வரும். ஏடு ஏடாகப் பிரியும். ஏடுகள் பிரிந்தால்தான் பாலிமர் இடையில் நுழையும்.

அமிலத்தில் ஊறவைப்பதும் உண்டு. மிதமாக இருந்தால் அழுக்கும் சுண்ணாம்பும் போய், பரப்பு திறக்கும். கடுமையானால் அலுமினியம் கரைந்து வெறும் சிலிக்காதான் மிஞ்சும். சூடும் அப்படித்தான். ஒருமுறை கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை 105 டிகிரியில் உலர்த்துவதற்குப் பதில் 600 டிகிரி உலையில் விட்டுவிட்டேன். அந்தச் சூட்டில் அதன் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) எல்லாம் நீராகிப் போய்விடும். பாலிமர் பிடித்துக்கொள்வது அவற்றைத்தான். அதில் செய்த ஜெல் குறைவாகவே உறிஞ்சியது. அந்த மாதம் முழுக்க மறுபடி செய்தேன்.

உங்கள் பொடியைச் சோதிக்க, பெரிய, மெல்லிய துணிப் பையில் 1 கிராம் போட்டு ஆர்.ஓ. நீரில் ஒன்று, உங்கள் போர் தண்ணீரில் ஒன்று என்று ஊறவையுங்கள். நீரை வடியவிட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். போர் தண்ணீரில் எடை பாதிக்கும் கீழே இறங்கினால், அதிலுள்ள உப்புகள் ஜெல்லைச் சுருக்குகின்றன என்று அர்த்தம்; தொட்டிக்கு மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.