கோடு போட்ட பகுதி காலி இடம் அல்ல

கேள்வி: இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாததால் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் கைக்கு வரும்படி மாற்றியமைத்த காரை நானே ஓட்டி வேலைக்குப் போகிறேன். அலுவலகக் கட்டடத்தில் சுமார் 80 கார்கள் நிறுத்தலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு 2 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் அங்கே வேறு யாராவது நிறுத்தியிருப்பார்கள். கேட்டால் “ரெண்டே நிமிஷம்” என்பார்கள். போன வாரம் பொறுமை இழந்து, அங்கே காரை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக நடந்து போன ஒருவரைச் சத்தம் போட்டுவிட்டேன். அவர் எதுவும் பேசாமல் அனுமதி அட்டையை எடுத்துக் காட்டினார். இதய நோயாளியாம். கூனிக் குறுகிப் போனேன். இனிமேல் யாரிடம், எப்படிப் பேசுவது?

பதில்: அந்த இதய நோயாளியிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது.

அந்த இடங்களில் வரைந்திருக்கும் சக்கர நாற்காலிப் படத்தின் முதல் வடிவத்தை 1968இல் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் வடிவமைப்பு மாணவி வரைந்தார். அதில் இருந்தது வெறும் நாற்காலி மட்டும்தான். அதன் மேல் ஒரு வட்டத்தைத் தலையாக வைத்தது பிறகு நடந்தது. நல்ல படம், தூரத்திலிருந்தே புரிகிறது. ஆனால் அதையே பார்த்துப் பார்த்து, அங்கே வந்து நிற்பவர் சக்கர நாற்காலியில்தான் இருப்பார் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. நுரையீரல் கெட்டுப்போனவர் 20 அடி நன்றாகத்தான் நடப்பார், 60ஆவது அடியில் மூச்சு வாங்க நின்றுவிடுவார். செயற்கைக் கால் பேண்ட்டுக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது. நரம்புத் தளர்ச்சி நோய்கள் சிலவற்றில் காலையில் இருக்கும் தெம்பு மாலையில் இருக்காது. இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகள் வண்டி நிறுத்த நீல அட்டை என்று ஒரு அனுமதித் திட்டம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களும் அதைப் பெறலாம் என்று 2019 ஆகஸ்டில் அங்கே விதியை விரிவாக்கினார்கள்.

ஆகவே பார்க்க வேண்டியது அட்டையை. ஆளின் நடையை அல்ல. அட்டை முன்கண்ணாடியில் தெரிகிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா, அவ்வளவுதான். அட்டை இருந்தால் உங்கள் விசாரணை அங்கேயே முடிந்தது. பெரும்பாலும் அந்த அட்டை வண்டிக்குக் கொடுப்பதல்ல, ஆளுக்குக் கொடுப்பது. அப்பாவின் அட்டையை வைத்துக்கொண்டு அப்பா இல்லாமல் மகன் வந்து நிறுத்துவதும் தவறுதான். ஆனால் அதை வெளியே நின்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அட்டை வழங்கிய அலுவலகம்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது, நேருக்கு நேர் சண்டை. வேண்டாம். 2018 ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஒரு கடை வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் நின்ற காரைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்கப் போய், வாக்குவாதம் முற்றி ஒரு உயிர் போனது. கேள்வி கேட்டவர்தான் துப்பாக்கியால் சுட்டார். அடுத்த ஆண்டு அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. எல்லாச் சண்டையும் அப்படி முடியாது, சரி. ஆனால் காரில் உட்கார்ந்தபடி பேசும் உங்களால் சட்டென்று விலகிப் போகவும் முடியாது. அதை நினைத்துத்தான் சொல்கிறேன்.

பேசியே ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் நாலு பேர் இருக்கும் நேரம் பார்த்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: “உங்கள் அட்டை கண்ணாடியில் தெரியவில்லை, கொஞ்சம் பார்த்து வைத்துவிடுங்கள்.” கட்டடங்களை ஆய்வு செய்யும் வேலையில் பல வருடம் இருந்து நான் கண்ட வாக்கியம் இது. அட்டை உள்ளவருக்கு இது உதவி. அட்டை கீழே விழுந்திருந்தால் எடுத்து வைப்பார். அட்டை இல்லாதவருக்கோ, மானம் போகாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போக ஒரு வழி. “அப்படியா, கவனிக்கல” என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். அவர் முறைத்தால் நீங்கள் நகர்ந்துவிடுங்கள். அவருடைய வண்டியை மறித்து நிறுத்துவது, சக்கரத்தில் காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியில் பசை தடவிய காகிதம் ஒட்டுவது எதுவும் வேண்டாம். புகார் அவர் மேல் போக வேண்டிய இடத்தில் உங்கள் மேல் வந்துவிடும்.

இனி “ரெண்டே நிமிஷம்” என்பதற்கு வருகிறேன். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. நிஜமாகவே இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறார். அவர் திரும்பி வரும்போது அங்கே யாரும் காத்திருப்பதையும் பார்ப்பதில்லை. ஏனென்றால் உங்களைப் போன்றவர் வந்து, இடம் இல்லை என்று பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருப்பார். யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றே அவர் கடைசிவரை நம்புவார். நிர்வாகமும் அதைத்தான் நம்பும். இந்தத் தவறில் பாதிக்கப்பட்டவர் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் பின்னால் சொல்லப்போகும் பதிவேடு முக்கியம்.

அதற்கு முன், ஒதுக்கிய இடத்தை ஒட்டித் தரையில் சாய்கோடு போட்டிருக்கும் பகுதியைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஒருமுறை ஒரு கட்டடத்தை ஆய்வு செய்யப் போனபோது, உங்களைப் போலவே தானே ஓட்டி வரும் ஒரு பெண் காரிலிருந்து இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கதவை முழுக்கத் திறந்தார். பக்கத்து இருக்கையில் கழற்றி வைத்திருந்த நாற்காலியின் சட்டத்தை மடிக்கு மேலே தூக்கி வெளியே இறக்கினார். பின்னாலிருந்து சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினார். மெத்தையைப் போட்டார். நாற்காலியைக் கார் ஓரமாக இழுத்து பிரேக்கைப் பூட்டி, ஒரு கை கார் இருக்கையிலும் ஒரு கை நாற்காலியிலும் ஊன்றி, உடம்பைத் தூக்கி மாறினார். பிறகு கதவைச் சாத்த நாற்காலியைப் பின்னால் நகர்த்த வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் தேவைப்பட்டது அந்தக் கோடு போட்ட பகுதிதான்.

மாலையில் அவர் திரும்பி வந்தபோது அதே பகுதியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. காருக்கு இடைஞ்சல் இல்லாமல், அழகாக ஒதுக்கித்தான் நிறுத்தியிருந்தார்கள். காரின் கதவு ஒரு சாண்தான் திறந்தது. வண்டிக்காரர் வரும்வரை 40 நிமிடம் அவர் தன் காருக்குப் பக்கத்திலேயே வெளியில் உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்க விதிப்படி கார் நிற்கும் பகுதிக்கு 2.4 மீட்டர் அகலம் என்றால், இந்தக் கோடிட்ட பகுதிக்குத் தனியாக 1.5 மீட்டர் வேண்டும். சாய்தளம் இறங்கும் வேன் என்றால் இன்னும் அதிகம். அந்த 1.5 மீட்டரில் இருசக்கர வாகனத்தையோ தள்ளுவண்டியையோ நிறுத்துவதும் காரை நிறுத்துவதும் ஒன்றுதான். உங்கள் புகாரில் இதைத் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் கார் நின்றால் கவனிக்கும் செக்யூரிட்டிகூட பைக் நின்றால் விட்டுவிடுவார்.

சரி, யாரிடம் புகார் சொல்வது? பொதுச் சாலை ஓரம் என்றால் போக்குவரத்துக் காவல் அல்லது உள்ளாட்சி. உங்களுடையது போன்ற தனியார் கட்டடத்தில் முதல் பொறுப்பு கட்டட நிர்வாகத்துக்குத்தான். சில ஊர்களில் தனியார் இடத்துக்குள்ளும் காவல்துறை வந்து அபராதம் போட முடியும், சில இடங்களில் முடியாது. அதை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். நீங்கள் இதுவரை சண்டை போட்டதெல்லாம் ஓட்டுநர்களோடு. இன்று ஒருவரை எழுப்பினால் நாளை வேறொருவர் வருவார். இடத்தை ஒதுக்கியவர்களே அதைக் காக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டால்தான் மாற்றம் வரும்.

2 வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள்: தேதி, நேரம், வண்டி எண், அட்டை இருந்ததா, நீங்கள் யாரிடம் சொன்னீர்கள், என்ன நடந்தது, கடைசியில் எங்கே நிறுத்தினீர்கள். முடிந்தால் படம் எடுங்கள். ஒரே படத்தில் நம்பர் பிளேட்டும் தரைக் குறியீடும் தெரியட்டும். முன்கண்ணாடி முழுவதும் தெரியும்படி இன்னொன்று. ஆட்களை எடுக்க வேண்டாம். சமூக ஊடகத்திலும் போட வேண்டாம். அட்டை சறுக்கி விழுந்த ஒரு நோயாளியின் வண்டி எண்ணை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டால், அதை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம் கடிதம். நீளமாக வேண்டாம். இப்படி எழுதலாம்: “மாற்றுத்திறனாளிகளுக்கான 2 இடங்களும் கடந்த 10 வேலை நாட்களில் இத்தனை நாள் அனுமதி அட்டை இல்லாத வாகனங்களால் நிரம்பியிருந்தன. பட்டியலும் படங்களும் இணைத்திருக்கிறேன். அந்த நாட்களில் என்னால் காரிலிருந்து இறங்க முடியவில்லை. இந்த இடங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருடையது, அவரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும், அனுமதியில்லாத வாகனத்தை எத்தனை நிமிடத்தில் அகற்றுவீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.” கோபமான சொல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கட்டும். கேள்விகள் மூன்றுக்கும் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை நகலோடு உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கும், ஊனமுற்றோர் உரிமைக்கான அரசு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

நிர்வாகம் உடனே ஒரு தீர்வு சொல்லும்: “கூம்பு வைத்துவிடுகிறோம்.” நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த பிளாஸ்டிக் கூம்பை எடுக்க நீங்கள் காரிலிருந்து இறங்க வேண்டும், இறங்கக் கூம்பை எடுத்திருக்க வேண்டும். சங்கிலியும் அப்படித்தான். அதற்குப் பதில் மூன்று விஷயம் கேளுங்கள். அந்த இடம் செக்யூரிட்டி உட்காரும் இடத்திலிருந்து நேராகத் தெரியட்டும். நிமிர்ந்து நிற்கும் பலகை வைக்கட்டும், தரையில் மட்டும் வரைந்தால் கார் நின்றதும் படம் மறைந்துவிடும். (அமெரிக்காவில் பலகையின் அடிவிளிம்பே தரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.) பலகையிலேயே அழைக்க வேண்டிய எண்ணும் இருக்கட்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை சில நாள் சிக்கிக்கொள்வீர்கள். காரை எப்போதும் ஓட்டுநர் கதவு கோடிட்ட பகுதியின் பக்கம் வரும்படி நிறுத்துங்கள். அதற்கு முன்புறமாக நுழைவதா, பின்னோக்கி நுழைவதா என்று பாருங்கள். இடமே இல்லாத நாளில் வரிசையின் கடைசியில், கதவுப் பக்கம் வேறு வண்டி வர முடியாத இடமாகத் தேடுங்கள். நம்பகமான ஒரு சக ஊழியரிடம் மாற்றுச் சாவி இருப்பது நல்லது. கதவு அடைபட்டால் அவர் வண்டியை வெளியே எடுத்துத் தரலாம், ஆனால் கைக் கருவிகளோடு ஓட்ட அவரை முன்கூட்டியே பழக்குங்கள். தெரியாதவர்கள் “தூக்கி உட்கார வைக்கிறோம்” என்று வந்தால் மறுத்துவிடுங்கள். உணர்வு இல்லாத காலில் அடிபட்டால் உங்களுக்கே உடனே தெரியாது.

கடைசியாக ஒரு கணக்கு. 76 முதல் 100 வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அமெரிக்க விதி 4 இடங்கள் கேட்கிறது. உங்கள் கட்டடத்தில் 80க்கு 2தான் இருக்கிறது. உங்கள் நாட்டு விதி எத்தனை சொல்கிறது என்று பார்த்து, குறைவாக இருந்தால் அதையும் கடிதத்தில் சேருங்கள். அப்படியே, அந்த இதய நோயாளியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள். அவரும் தினமும் அதே 2 இடங்களைத்தான் தேடி வருகிறார். அவரும் கையெழுத்துப் போடக்கூடும்.