ஜெர்மனிக்கு முதல் பயணம்: 18 லட்சத்தில் எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: வயது 34, கோவையில் மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, ஒரு மகள். ஜெர்மனியில் குடியேற ஆசை. டெபாசிட்டில் 18 லட்சம், ஊரில் ஒரு மனை இருக்கின்றன. முதலில் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? அல்லது நேரே ‘சான்சென்கார்ட்டே’ விசாவில் போய் வேலை தேடலாமா?

பதில்: போய்ப் பாருங்கள், ஆனால் நீங்கள் மட்டும். மனையில் இப்போது கை வைக்க வேண்டாம்.

சான்சென்கார்ட்டேவுக்கு மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கு 13,092 யூரோவை பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதம் இவ்வளவு என்று மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில்) காட்ட வேண்டும். யூரோ 105 ரூபாய் என்றால் 13.75 லட்சம். தனியாகப் பார்த்துவர 2.75 லட்சம் பிடிக்கும். இரண்டும் போக மிஞ்சும் ஒன்றரை லட்சத்தில்தான், உங்கள் சம்பளம் நின்ற பிறகு கோவை வீடு ஓட வேண்டும். குடும்பத்தோடு போனால் 6 லட்சத்துக்குக் குறையாது. பிளாக்டு அக்கவுன்ட்டுக்கே பணம் பற்றாது. எனவே இங்கிருந்தபடியே விண்ணப்பித்து புளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) கிடைக்கும் வேலை தேடுவதே உங்களுக்கு முதல் வழி. அதற்கு பிளாக்டு அக்கவுன்ட் தேவையில்லை. பொறியாளர்களுக்கு 2026இல் ஆண்டுச் சம்பளம் 45,934 யூரோவுக்குச் சற்று மேல் இருந்தால் போதும்.

டிக்கெட் போடுமுன், வெளிநாட்டுப் பட்டங்களைப் பட்டியலிடும் ஜெர்மனியின் ‘அனாபின்’ தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் எச்-பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) தரத்தில் உள்ளதா, பட்டம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கக் காசில்லை. பட்டம் அங்கே இல்லையென்றால் 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். இது தெரியாமல் பயணத்துக்குச் செலவழிப்பது வீண்.

பார்த்துவர எடுக்கும் குறுகிய கால ஷெங்கன் விசா 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்த விசாவில் நேர்காணலுக்குப் போகலாம், வேலை செய்ய முடியாது. வேலை கிடைத்தாலும் ஊர் திரும்பித்தான் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று கணக்கில் பெரிய தொகை போடாதீர்கள், சந்தேகம் வரும். வேலையை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் ‘திரும்ப மாட்டார்’ என்று நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

பயணத்தை ஒரே காலண்டர் மாதத்துக்குள் அடக்குங்கள். உள்ளூர்ப் பேருந்து, ரயில்களுக்கான 63 யூரோ ‘டாய்ச்லாண்ட்-டிக்கெட்’ மாதக் கணக்கில்தான் ஓடும். அது சந்தா, அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள். ஐசிஇ அதிவேக ரயிலில் செல்லாது.

ஊர் சுற்றுவதைவிட வாடகை பார்ப்பதே இந்தப் பயணத்தின் வேலை. வாடகை அதிகமான ஸ்டுட்கார்ட்டையும் குறைவான கெம்னிட்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் ‘கால்ட்மீட்டே’ என்றால் வெற்று வாடகை மட்டும். பராமரிப்பு, ஹீட்டிங் தனி. முன்பணம் மூன்று மாத வெற்று வாடகை வரை கேட்பார்கள். பல வீடுகளில் சமையலறை வெறும் அறையாகத்தான் இருக்கும், சிங்க் முதற்கொண்டு நீங்கள்தான் வாங்க வேண்டும்! வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள்.

பின்னால் சான்சென்கார்ட்டேதான் வழி என்றானால் டிசிஎஸ்ஸை (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரியை) கவனியுங்கள். ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடிக்கும். ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் பணமும் இதே 10 லட்சத்தில் சேரும். 13.75 லட்சத்தை ஒரே ஆண்டில் அனுப்பினால் 75,000 ரூபாய் முடங்கும். வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் கையில் காசு தேவைப்படும் நேரத்தில் இருக்காது. மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி அனுப்புங்கள்.