வித்துப் பொன் கேட்கும் ரசவாதி

கடிதம்:

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் லயத்துக்கு வந்த ஒருவர், சாம்பல் நிறப் பொடியையும் ஏதோ காரத்தையும் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதில் ஒரு செம்புக் காசைப் போட்டார். வெள்ளியாக வந்தது. நெருப்பில் காட்டினார், தங்கமாக மின்னியது. சித்தர் வழி ரசவாதம் என்கிறார். இப்போது அம்மாவின் ஒரு பவுன் சங்கிலியை 'வித்து'க்குக் கேட்கிறார். பாதரசத்தில் போட்டு நாற்பது நாள் மூடிவைத்தால் பத்துப் பவுனாகுமாம். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சங்கிலியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது கண்கட்டு அல்ல, உண்மையில் நடந்ததுதான். ஆனால் கிடைத்தது பித்தளை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பொடி துத்தநாகத் தூள், காரம் கோஸ்டிக் சோடா. கொதிக்கும் கரைசலில் துத்தநாகம் செம்பின்மேல் மெல்லிய தோலாகப் படியும். அதுதான் அந்த வெள்ளி நிறம். சூடு பட்டதும் அது செம்புக்குள் ஊறி, மேற்பரப்பு மட்டும் பித்தளையாகும். சில நொடி கூடினாலும் கறுத்துவிடும் என்பதால் சட்டென்று எடுத்துத் தண்ணீரில் போடுவார்கள். காசை அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள், உள்ளே சிவப்புத் தெரியும்.

அடுப்பு நெருப்பு அணுவின் வெளி எலெக்ட்ரான்களை மட்டுமே தொடும். செம்பின் கருவில் 29 புரோட்டான், தங்கத்தில் 79. அந்தக் கருவையே மாற்ற வேண்டும். 1941இல் ஹார்வர்டில் பாதரசத்தை நியூட்ரானால் தாக்கித் தங்கம் உண்டாக்கினார்கள். அதுவும் கதிரியக்கத்தால் அழிந்துபோகும் தங்கம்.

வித்து விஷயம்தான் ஆபத்து. பாதரசம் தங்கத்தைக் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். சங்கிலி கண்ணுக்குத் தெரியாமல் போனதும், 'கழிவு ரசம்' என்று வேறு போத்தலில் ஊற்றி எடுத்துப் போவது சுலபம். கொதிக்கவைத்து ரசத்தை ஓட்டினால் போட்ட தங்கம்தான் மிஞ்சும், ஒரு குன்றிமணிகூடக் கூடாது.

அவர் தருவது எதையும் இப்படிச் சோதியுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிளாஸை வைத்துப் பூச்சியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுதும் மூழ்க, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். 8 கிராம் 22 கரட் தங்கம் என்றால் சுமார் 0.45 காட்டும், பித்தளை 0.9ஐத் தாண்டும். அடியில் பட்டால் எடை ஏறிவிடும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் கூடக் காட்டும், நல்ல தங்கமே போலிபோல் தெரியும். கல் பதித்தது, உள்ளே பொள்ளலானது இதற்குச் சரிவராது.

எதற்கும் மேலாக, லயக் காம்பராவுக்குள் பாதரசத்தைச் சூடாக்க விடாதீர்கள். குளிருக்குக் கதவைச் சாத்திய சிறிய அறையில் அந்த ஆவி நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையே எடுக்கும். பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். தரையில் சிந்தியிருந்தால் விளக்குமாறு போடாதீர்கள், துளிகள் சிதறும். கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, மட்டை அட்டையால் துளிகளைச் சேர்த்து, மூடியுள்ள போத்தலில் அடைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். கானில் ஊற்ற வேண்டாம்.

அன்புடன்.